தட்டினால்தான் விழிக்கும் போன்

சிங்கப்பூரின் புக்கிட் மேராவில் எங்கள் புளோக்கின் எட்டாவது மாடியில் ஒரு பெரியவர் இருக்கிறார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் மின்தூக்கிக்குக் காத்திருந்தபோது கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "தம்பி, இது தூங்குனா செத்துப்போன மாதிரி கெடக்கு. தட்டுனா முழிச்சிக்குது. அப்பத்தான் மழை கொட்டுற மாதிரி மெசேஜ் எல்லாம் வருது. தங்கச்சி ஊர்லேருந்து கூப்பிட்டா மணியே அடிக்கிறதில்ல. நான் வேணும்னே எடுக்கலைன்னு கோவிச்சுக்குது."

தங்கை வாட்ஸ்அப்பில் கூப்பிடுவது ஊரில் இரவு எட்டரைக்கு. இங்கே அப்போது மணி பதினொன்று. போன் மேசைமேல் கிடந்து இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்கும். எடுத்துப் பார்த்தால் வைஃபை குறி முழுசாகத் தெரிகிறது. தெரியாமல் என்ன செய்யும்? பார்ப்பதற்காகத் தட்டிய உடனே அது விழித்துக்கொள்கிறதே. டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் இறங்கிவிடுகிற நோயாளி மாதிரி.

கடைக்காரர் சொன்ன வைத்தியம் புது ரூட்டர். பேரன் சொன்ன வைத்தியம் புது போன். கடைசியில் தேவைப்பட்டதோ ஒரு தாளும் பென்சிலும். தூக்கத்தில் வைஃபை அறுகிற நோயில், தூங்கி எத்தனை நிமிடத்தில் அறுகிறது என்பதுதான் முதல் துப்பு. அதைக் குறித்துக்கொண்டால் குற்றவாளி பாதி அகப்பட்ட மாதிரி. ஏன் அப்படி என்று புரிய, போன் எப்படித் தூங்குகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

வைஃபை சில்லுக்குப் பேசுவதைவிடக் காத்திருப்பதுதான் பெருஞ்செலவு. யாராவது கூப்பிடுவார்களா என்று நாள் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தால் பேட்டரி மாலைக்குள் காலி. இது வைஃபையை வகுத்தவர்களுக்கு ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தது. 1997இல் வந்த 802.11 என்ற முதல் தரநிலையிலேயே தூங்குவதற்கான விதிகள் உண்டு. அப்போது இன்றைய திறன்பேசி பிறக்கவில்லை. மடிக்கணினியை மனத்தில் வைத்து எழுதினார்கள்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்கின் கீழ்த்தளத்தில் வரிசையாக இருக்கும் அஞ்சல்பெட்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள். போன் வைஃபையில் சேரும்போது ரூட்டர் அதற்கு ஓர் எண் கொடுக்கிறது, வீட்டு எண் மாதிரி. 1 முதல் 2007 வரை அந்த எண் இருக்கலாம். தூங்கப் போகும்போது போன் ரூட்டரிடம் ஒரே ஒரு பிட்டைத் தூக்கிக் காட்டும்: "நான் படுக்கிறேன்." அதற்குப் பிறகு அந்த போனுக்கு வரும் தகவல்களை ரூட்டர் காற்றில் வீசாமல் பெட்டியில் போட்டு வைக்கிறது. நொடிக்குச் சுமார் பத்து முறை ரூட்டர் பீக்கன் என்ற ஓர் அறிவிப்பை வெளியிடுகிறது. அதில் ரூட்டரின் பெயர், அதன் கடிகார நேரம், எந்தெந்த வீட்டு எண்ணுக்குத் தபால் வந்திருக்கிறது என்ற பட்டியல் எல்லாம் இருக்கும். ஓர் எண்ணுக்கு ஒரு பிட். போன் அந்த நேரத்துக்குச் சரியாக ஒரு கண்ணைத் திறந்து, தன் எண்ணுக்கு நேரே 0 இருந்தால் மறுபடி படுத்துவிடும். 1 இருந்தால் எழுந்து, "என் தபாலைக் கொடு" என்று கேட்கும்.

பெரும்பாலான ரூட்டர்களில் இரண்டு பீக்கன்களுக்கு இடைவெளி 102.4 மில்லி நொடி. ஏன் நேராக 100 இல்லை என்றால், 1024 மைக்ரோ நொடியை ஓர் அலகாக வைத்துக்கொண்டு 100 அலகு எண்ணுகிறார்கள். கணினிக்காரர்களின் பழைய பழக்கம். எட்டு மணி நேரம் ஓர் ஆள் தூங்கினால், அந்த இரவில் ரூட்டர் 2,81,250 முறை அறிவித்திருக்கும். போன் எல்லாவற்றுக்கும் எழ வேண்டியதில்லை. எல்லா வீட்டுக்கும் பொதுவான தபால் இருந்தால் அதை எத்தனையாவது பீக்கனுக்குப் பிறகு கொடுப்பது என்று ரூட்டர் வைத்திருக்கும் கணக்குக்கு டிடிஐஎம் என்று பெயர். அது 3 என்றால் மூன்றில் ஒன்றுக்கு எழுந்தால் போதும்.

இதில் நான் ரசிக்கும் நுணுக்கம் ஒன்று உண்டு. தூங்கும் போன் இருட்டில் எப்படிச் சரியான மில்லி நொடிக்குக் கண் விழிக்கிறது? கைக்கடிகாரத்தில் இருப்பது போன்ற, நொடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் துண்டு ஒன்று போனுக்குள்ளும் துடித்துக்கொண்டிருக்கிறது. அது சற்று முந்தும், சற்றுப் பிந்தும். ஒவ்வொரு பீக்கனிலும் ரூட்டர் சொல்லும் நேரத்தைக் கேட்டுப் போன் தன் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளும். சில பீக்கன்களைத் தவறவிட்டால் கடிகாரம் விலகும். விலகினால் அடுத்த பீக்கனும் தவறலாம். தொடர்ந்து தவறினால் "ரூட்டர் போய்விட்டது" என்று போனே முடிவு கட்டிவிடும்.

பீக்கனுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. சாதாரணத் தகவலை அனுப்பினால் வாங்கியவர் "கிடைத்தது" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் திரும்ப அனுப்புவார்கள். பீக்கன் ஊருக்கே பொதுவாகக் கூவுவது. யாரும் பதில் சொல்வதில்லை. கூவியது இரைச்சலில் கலந்து போனால் போனதுதான். புக்கிட் மேரா போன்ற நெருக்கமான அடுக்குமாடிப் பேட்டையில் இது சின்ன விஷயமில்லை. பெரியவர் வீட்டு வரவேற்பறையில் நின்று பார்த்தால் அண்டை வீட்டு வைஃபை பெயர்களே இருபதுக்கு மேல் வரிசை கட்டுகின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. இருபது ரூட்டர்கள் மூன்று தடங்களில் நொடிக்குப் பத்து முறை கூவினால் என்ன ஆகும் என்பதைத் தேக்கா சந்தையில் ஞாயிற்றுக்கிழமை காலை நின்றவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. விழித்திருக்கும் போன் கூட்டத்தில் முட்டி மோதித் தன் காரியத்தை முடித்துக்கொள்ளும். தூங்கும் போனுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

சுவரும் சேர்ந்துகொள்கிறது. 1961 மே 25 அன்று புக்கிட் ஹோ ஸ்வீ கம்பம் எரிந்து சுமார் 16,000 பேர் வீடிழந்த பிறகு, இந்த வட்டாரத்தில் வீவக அவசர அவசரமாக எழுப்பிய பழைய புளோக்குகளில் சுவர்கள் ஓரளவுக்கு அலைகளை விட்டுவிடும். 1990களின் பிற்பகுதியிலிருந்து கட்டிய வீடுகளிலோ குண்டுக்குத் தாங்கும் காப்பறை இருக்கிறது: கனமான கான்கிரீட், உள்ளே இரும்புக் கம்பி, எஃகுக் கதவு. ரூட்டரை அந்த அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துபவர்களைப் பார்த்திருக்கிறேன். பார்வைக்கு அழகு, வைஃபைக்குச் சிறை. போனை ரூட்டருக்குப் பக்கத்திலேயே வைத்துத் தூங்கவிட்டால் கோளாறு மறைந்து, படுக்கையறையில் வைத்தால் மட்டும் வந்தால், மேற்கொண்டு எதையும் படிக்க வேண்டாம். ரூட்டரை இடம் மாற்றுங்கள்.

பெரியவர் வீட்டில் ரூட்டர் நான்கடி தூரத்தில் இருந்தது. ஆகவே தாளும் பென்சிலும்.

முதல் இரவு போனைச் சார்ஜரில் செருகி வைத்துவிட்டுப் படுக்கச் சொன்னேன். இது எளிய, ஆனால் மிக நல்ல சோதனை. போன் தன் மின்சிக்கனத்தைப் பெரும்பாலும் பேட்டரியில் ஓடும்போதுதான் காட்டும். செருகியிருந்தபோது செய்தி உடனுக்குடன் வந்து, கழற்றினால் நின்றுபோனால், குற்றம் போனுக்குள் இருக்கிறது. அப்படித்தான் ஆயிற்று. தங்கை கூப்பிட்டார், மணி அடித்தது. "அப்ப ராத்திரி பூரா செருகியே வச்சிரவா?" என்றார் பெரியவர். வேண்டாம் என்றேன். வலி நிற்கிறதே என்று மாத்திரையையே தினமும் விழுங்கக் கூடாது.

அடுத்த சில இரவுகள் சார்ஜர் இல்லாமல். நான் என் வீட்டிலிருந்து ஐந்தாம் நிமிடம் கூப்பிடுவேன்; அவர் மணி அடித்ததா என்று குறிப்பார். பிறகு போனைப் புதிதாகத் தூங்கவிட்டுப் பதினைந்தாம் நிமிடம். பிறகு மறுபடி புதிதாக, நாற்பதாம் நிமிடம். ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்க வேண்டும். மணி அடித்தாலோ, அடித்ததா என்று தட்டிப் பார்த்தாலோ போன் விழித்துவிடுகிறது. விழித்தால் கணக்கு மறுபடி பூஜ்யம். அவசரக்காரர்களுக்கு இது ஒத்துவராது. ஓய்வு பெற்றவருக்கு நேரம் இருந்தது.

எந்த நிமிடம் எதைச் சொல்லும்?

போன் மிகப் பழையது, திரை அணைந்து கால் மணி நேரத்தில் அறுகிறது என்றால், முதலில் போனின் அமைப்பைத்தான் பார்க்க வேண்டும். பழைய ஆண்ட்ராய்டில் தூக்கத்தின்போது வைஃபையை வைத்திருப்பதா என்று ஒரு கேள்வி இருந்தது: எப்போதும், செருகியிருக்கும்போது மட்டும், ஒருபோதும் இல்லை என்று மூன்று பதில்கள். "எப்போதும்" என்று இல்லாவிட்டால், திரை அணைந்து 15 நிமிடத்தில் வைஃபையை நிறுத்தும்படி நிரலில் இயல்பாகவே எழுதியிருந்தார்கள். புதிய போன்களில் அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டார்கள். இருந்தும் இணையத்தில் இன்றைக்கும் அந்த அமைப்பைத் தேடச் சொல்லும் அறிவுரைகள் உலவுகின்றன. இல்லாததைத் தேடிக் களைத்தவர்கள் ஏராளம்.

ஐந்து நிமிடம் என்றால் ரூட்டரைச் சந்தேகிக்கலாம். பல ரூட்டர்களுக்குள் ஓடும் மென்பொருளில், 300 நொடி சத்தமே இல்லாத கருவியை "இருக்கிறாயா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டு, பதில் இல்லையென்றால் பட்டியலிலிருந்து அடித்துவிடும் வழக்கம் உண்டு. ஒழுங்காகத் தூங்கும் போன் அந்தக் கேள்விக்கு எழுந்து பதில் சொல்லும். பீக்கனைத் தவறவிட்ட போன் சொல்லாது.

நேரம் திட்டமாக இல்லாமல், போன் கிடக்கக் கிடக்கத் தாமதம் கூடிக்கொண்டே போகிறது என்றால் வைஃபை அறுபடவே இல்லை என்று பொருள். செயலிகளுக்கு மட்டும் கதவு சாத்தப்படுகிறது. 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6இல் கூகுள் புகுத்திய ஏற்பாடு இது. பெயரே டோஸ், அதாவது கோழித்தூக்கம். போன் செருகப்படாமல், அசையாமல், திரை அணைந்து கிடந்தால் செயலிகளின் இணையத்தை நிறுத்திவிட்டு, அவ்வப்போது மட்டும் சிறிது நேரம் ஜன்னலைத் திறக்கும். அந்த ஜன்னல்களின் இடைவெளி போகப் போக நீளும். அழைப்பு மாதிரி அவசரமானவற்றுக்கு விலக்கு உண்டு. கூகுளின் சேவை ஒரே ஓர் இணைப்பின் வழியே போனைத் தட்டி எழுப்பிவிடும். ஆனால் சில தயாரிப்பாளர்கள் இதற்கு மேல் தங்கள் சொந்தச் சிக்கனத்தையும் பூட்டி, செயலியையே தூக்கில் போட்டுவிடுகிறார்கள். விளம்பரத்தில் பேட்டரி இரண்டு நாள் நிற்கும் என்று சொல்வதற்கு யாராவது விலை கொடுக்கத்தானே வேண்டும்? இங்கே கொடுத்தது தங்கை.

பெரியவரின் தாளில் முதல் நான்கு நாளும் இப்படித்தான் இருந்தது. போனின் அமைப்புகளில் வாட்ஸ்அப்புக்கு மின்சிக்கனத்திலிருந்து விலக்குக் கொடுத்தோம். தயாரிப்பாளர் தனியாக ஒளித்து வைத்திருந்த "தூங்கும் செயலிகள்" பட்டியலிலிருந்தும் எடுத்தோம். மணி அடிக்க ஆரம்பித்தது. பெரியவர் கோப்பிக்கடையில் தே தாரிக் வாங்கிக் கொடுத்தார்.

அதற்கு மூன்றாம் நாள் மறுபடி கதவைத் தட்டினார். "சில நேரம் வருது, சில நேரம் வரல தம்பி." தாளைக் கொண்டுவந்திருந்தார். இந்த முறை ஒரு விசித்திரம். தூங்கி எத்தனை நிமிடம் என்பதோடு சம்பந்தமே இல்லை. கடிகாரத்தோடுதான் சம்பந்தம். பத்தேகால் மணிக்குச் சற்று முன்புவரை வந்தது, பிறகு வரவில்லை. இன்னொரு நாள் ஒன்பதேகாலுக்குப் பிறகு வரவில்லை. ரூட்டரின் பதிவேட்டைத் திறந்து பார்த்தோம். மணிக்கு ஒருமுறை, ஏறக்குறைய அதே நிமிடத்தில், அவர் போன் வெளியேற்றப்பட்டிருந்தது.

மணிக்கு ஒருமுறை என்றால் அது பூட்டுச் சாவி விவகாரம். வைஃபையில் ஒவ்வொரு கருவிக்கும் ரூட்டரோடு பேசத் தனிச்சாவி ஒன்று; எல்லாருக்கும் பொதுவாக அறிவிப்பவற்றைப் படிக்கப் பொதுச்சாவி ஒன்று. வீட்டை விட்டுப் போன கருவி பொதுச்சாவியை வைத்துக்கொண்டு ஒட்டுக்கேட்கக் கூடாது என்பதற்காக ரூட்டர் அதை அவ்வப்போது மாற்றும். பல ரூட்டர்களில் இடைவெளி 3,600 நொடி. புதுச்சாவியை ஒவ்வொரு கருவியையும் எழுப்பிக் கையில் கொடுத்து, "வாங்கிக்கொண்டேன்" என்ற பதிலை வாங்க வேண்டும். அசந்து தூங்கும் போன் உரிய நேரத்தில் பதில் சொல்லாவிட்டால், சில முறை கேட்டுப் பார்த்துவிட்டு ரூட்டர் அதை வெளியே தள்ளிவிடும். வெளியே விழுந்த போன் தானாகத் திரும்பி வர வேண்டியதுதான். ஆனால் ஆழ்ந்த தூக்கத்தில் அது வைஃபையைத் தேடுவதையும் நிறுத்தி வைத்திருக்கிறது. மற்றவர்களுக்கென்றால் அந்நேரம் மொபைல் டேட்டா கைகொடுக்கும், யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. பெரியவர் காசு போகும் என்று டேட்டாவை அணைத்தே வைத்திருப்பவர்.

ரூட்டரின் மென்பொருளைப் புதுப்பித்தோம். பொதுச்சாவி மாறும் இடைவெளியை ஒரு நாளாக நீட்டினோம். வந்து போகிற ஆள் இல்லாத வீட்டில் இதனால் குடி முழுகிவிடாது. பலர் வந்து போகும் அலுவலகத்திலோ கடையிலோ இதைச் செய்யாதீர்கள்.

அவர் வீட்டில் இல்லாத வேறு இரண்டு நோய்களையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று, அறுகிற நேரம் அரை நாள், ஒரு நாள் என்று நீளமாக இருப்பது. ரூட்டர் கொடுக்கும் ஐபி முகவரி வாடகைக்குத்தான். பாதிக் கெடு முடிந்ததும் போன் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். தூக்கத்தில் இதை மறந்து, கெடு முடிந்த முகவரியிலேயே குடியிருந்தால் இன்னொரு கருவிக்கும் அதே முகவரி போய்ச் சேர்ந்து இரண்டும் முட்டிக்கொள்ளும். 2010 ஏப்ரலில், ஐபேட் விற்பனைக்கு வந்த சில நாட்களிலேயே, அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இது வெடித்தது. கெடு முடிந்தும் முகவரியை விடாத ஐபேடுகளைப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பாளர்கள் கண்டுபிடித்து, தொந்தரவு செய்தவற்றைத் தடுத்து வைத்தார்கள். பின்னால் ஆண்ட்ராய்டு கருவிகளிலும் இதே வகைக் கோளாறு அங்கே பதிவாயிற்று. வீட்டில் இப்படி நேர்ந்தால், அந்த போனுக்கென்று ஒரு முகவரியை ரூட்டரில் நிரந்தரமாக ஒதுக்கிவிடலாம். ஒரு எச்சரிக்கை: இப்போதைய போன்கள் தனியுரிமைக்காகத் தங்கள் வைஃபை அடையாள எண்ணை மறைத்துப் போலி எண் காட்டுகின்றன. ஆண்ட்ராய்டில் 2019 முதல், ஐபோனில் 2020 முதல் இது வழக்கம். வீட்டு வைஃபைக்கு மட்டும் உண்மையான எண்ணைக் காட்டும்படி மாற்றிவிட்டு ஒதுக்குங்கள்.

மற்றொன்று, வைஃபை அப்படியே இருக்க, தட்டி எழுப்பும் அந்த ஒரே இணைப்பு மட்டும் சத்தமில்லாமல் செத்துப்போவது. வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளும் வெளியுலகுக்கு ஒரே முகவரியாகத்தான் தெரிகின்றன. உள்ளே யார் வெளியே யாரோடு பேசுகிறார் என்று ரூட்டர் ஒரு குறிப்பேடு வைத்திருக்கும். பேச்சு நின்றுபோன வரிகளை அது அழித்துவிடும். குறைந்தது 2 மணி 4 நிமிடம் பொறுக்க வேண்டும் என்று இணையத் தரநிலைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் 2008இல் விதித்தது. கூகுளும் தன் இணைப்புக்கு 30 நிமிடமாவது கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறது. சில நிமிடத்திலேயே அழித்துவிடும் அவசரக்கார ரூட்டர்களும் இருக்கின்றன. வரி அழிந்தது போனுக்கும் தெரியாது, மறுமுனைக்கும் தெரியாது. அடுத்த முறை போன் தானாகப் பேச முயலும்போதுதான் குட்டு வெளிப்படும்.

புதிதாக வருபவை இந்தச் சிக்கலைக் கொஞ்சம் மாற்றியிருக்கின்றன. வைஃபை 6 தரத்தில் போனும் ரூட்டரும் "இத்தனை மணிக்கு எழுப்பு" என்று முன்கூட்டியே நேரம் பேசிக்கொள்ளலாம். ஒவ்வொரு பீக்கனுக்கும் கண் விழிக்கத் தேவையில்லை. நல்ல யோசனைதான், இரு தரப்பும் ஒப்பந்தத்தை ஒரே மாதிரி படித்தால்.

பெரியவரின் தாள் இப்போதும் அவர் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உங்கள் போனுக்கும் இதே நோய் என்றால், ரூட்டரின் வயரைப் பிடுங்கிச் செருகுவதற்கு முன் ஒரு வாரம் நேரத்தைக் குறித்து வையுங்கள். பிடுங்கிச் செருகினால் பல ரூட்டர்களில் பதிவேடும் சேர்ந்து அழிந்துவிடும்.